கண்ணால் பார்த்தவள்

என் வீட்டுக்காரருக்குப் பழைய கிரேக்கம் தெரியும். கார் ஓட்டத் தெரியாது. நான் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறவ. இந்த ஊர்ல பாதிப் பேர் என்கிட்ட திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியிருக்காங்க. இவருக்கு மட்டும் என்னால சொல்லிக்கொடுக்க முடியலை. கிளட்சை மிதிங்கன்னா, ஏன் மிதிக்கணும், மிதிச்சா உள்ளே என்ன நடக்குதுன்னு கேட்பார். அதுக்குள்ளே பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிச்சு நம்ம வம்சத்தையே இழுத்துடுவான். ஆளை விடுங்க சாமின்னு நானே பக்கத்து சீட்ல உட்கார வச்சுட்டேன். இத்தனை வருஷமா அங்கேதான் உட்கார்ந்து வர்றார்.

இறையியல் கல்லூரியில வாத்தியார். நாளைக்குப் போதகராப் போகப்போற பிள்ளைங்களுக்கு, வேதத்தை மூலத்துல எப்படிப் படிக்கிறதுன்னு சொல்லிக்கொடுக்கிற வேலை. பிள்ளைங்க இவருக்கு வச்சிருக்கிற பேர் ‘ஆதாரம்’. எவனாவது பிரசங்கம் எழுதிக் கொண்டுவந்து, ‘கிரேக்கத்தில் இந்தச் சொல்லின் ஆழமான பொருள் என்னவென்றால்’னு ஆரம்பிச்சா போதும், ஓரத்துல சிவப்புப் பென்சிலால ‘ஆதாரம்?’னு எழுதித் திருப்பிக் கொடுத்துடுவார். வேதத்தை எழுதினவர் பாவம், ஒரு டம்ளர் தண்ணி கேட்டிருப்பார், இவனுங்க கடலையே கொண்டுவந்து வாசல்ல நிறுத்துறானுங்கன்னு வீட்டுக்கு வந்து புலம்புவார். ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தமோ அதுதான் அர்த்தம், நமக்குத் தேவைங்கிறதுக்காக அதைப் பிழியக்கூடாதுங்கிறது இவரோட கட்சி.

கட்சி நல்ல கட்சிதான். ஆனா அதை வீட்டுக்குள்ளேயும் கொண்டுவந்துடுவார். காபியில சர்க்கரை கம்மியா இருக்கான்னு கேட்டா, எந்தக் காபியோட ஒப்பிட்டுக் கேட்கிறேன்னு திருப்பிக் கேட்கிற மனுஷனோட குடும்பம் நடத்துறது லேசுப்பட்ட காரியமில்லை.

எங்களுக்கு ஒரே பொண்ணு. குட்டிம்மான்னு கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில பிசியோதெரபிஸ்டா இருக்கா, முட்டி பிடிச்சுக்கிட்டவங்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலை. மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். கல்யாணமாகி ரொம்ப நாள் காத்திருந்துதான் உண்டானா. ஆறாம் மாசம் ஒரு நாள், பிள்ளை அசையவே இல்லைம்மான்னு போன் பண்ணினா. வேலைக்குப் போன அதே ஆஸ்பத்திரியில படுக்க வச்சுப் பார்த்தாங்க. துடிப்பு நின்னுபோயிருந்துச்சு.

பெத்துத்தான் எடுத்தாகணும்னுட்டாங்க. பெத்தா. பொம்பளைப் பிள்ளை. அவளும் மாப்பிள்ளையும் மட்டும் கொஞ்ச நேரம் அந்த அறையில பிள்ளையோட இருந்தாங்க. நானும் இவரும் வராந்தாவுல இருந்தோம். நர்ஸ் வெளியே வந்து, நீங்க பார்க்கிறீங்களான்னு இவரைக் கேட்டாங்க. இவர் தலையை ஆட்டினார். வேண்டாம்னு ஆட்டினாரா, தாங்க முடியாம ஆட்டினாரான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. அந்தம்மா வேண்டாம்னு எடுத்துக்கிட்டாங்க. நான் கடைசியில பார்த்தது வெள்ளைத் துணிச் சுருளைத்தான்.

அப்புறம் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னாங்க. இன்னும் வயசிருக்கு, அடுத்தது நல்லபடியா வரும், முகத்தை நினைச்சுக்கிட்டே இருக்காதே, சீக்கிரம் வேலைக்குப் போயிடுன்னு. நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. நானும்தான் சொன்னேன்.

கல்லறைத் தோட்டத்துல ஓரமா ஒரு சின்ன இடம் கொடுத்தாங்க. போதகர் இவர்கிட்டே படிச்ச பிள்ளைதான். இளகின மனசு, யார் அழுதாலும் கூட அழுதுடுவார். அன்னிக்கு அவர் எடுத்துக்கிட்டது, ஆண்டவர் சின்னப் பிள்ளைங்களைக் கையில அணைச்சு ஆசீர்வாதம் பண்ற இடம். எல்லாருக்கும் தெரிஞ்ச இடம்தான். பேசிக்கிட்டே வந்தவர், குட்டிம்மா முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் கையிலிருந்த வேதத்தை மூடிட்டார். “தங்கச்சி, இந்த இடத்துல அணைச்சுக்கொண்டார்னு வர்ற சொல்லுக்குக் கிரேக்கத்துல என்ன அர்த்தம் தெரியுமா? ஒரு தடவை கையில எடுத்தா அப்புறம் இறக்கிவிடவே மாட்டார்னு அர்த்தம். உன் பிள்ளை இப்ப அந்தக் கையிலதான் இருக்கு”ன்னார்.

குட்டிம்மா அது வரைக்கும் தரையையே பார்த்துக்கிட்டிருந்தவ, நிமிர்ந்தா. பிள்ளை போனதுக்கப்புறம் அவ முகத்துல ஒரு உயிர் வந்ததை நான் அப்பத்தான் பார்த்தேன். அந்தப் போதகருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்னு இருந்துச்சு எனக்கு.

எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்தோம். டீ போட்டு, ரொட்டி வாட்டி, மேஜையில வச்சேன். சாப்பிடணுமேன்னு ஆளுக்கு ஒண்ணைக் கையில எடுத்தோம். அப்பத்தான் அவ கேட்டா.

“அப்பா, போதகர் சொன்னாரே, இறக்கிவிடவே மாட்டார்னு. மூலத்துல அப்படித்தானே இருக்கு?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் ரொட்டியைத் தட்டுல வச்சார். மூக்குக்கண்ணாடியைக் கழட்டினார். பாடம் எடுக்கிறதுக்கு முன்னாடி இவர் பண்றது அது.

“அந்தச் சொல் ரெண்டே இடத்துலதான்மா வருது. கைக்குள்ள அணைச்சுக்கிறதுங்கிறதுதான் அர்த்தம். இறக்கிவிடுறாரா இல்லையாங்கிறதைப் பத்தி அந்தச் சொல் எதுவும் சொல்லலை.”

நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற கார்ல என் கால்கிட்டேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுறவங்க போய் முட்டப்போறாங்கன்னு தெரிஞ்சா நான் மிதிச்சுடுவேன். அன்னிக்கு அந்த மேஜைக்கு அடியில அப்படி ஒண்ணு இருந்திருந்தா ஓங்கி மிதிச்சிருப்பேன். வார்த்தை வெளியே வந்துடுச்சு, இனி எதை மிதிக்கிறது.

அவ அழலை. கத்தலை. எந்திரிச்சுப் போய் டீ கிளாஸைக் கழுவினா. துடைச்சுக் கவுத்து வச்சா. “கிளம்பலாமா?”ன்னு மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டா. போயிட்டாங்க.

அன்னியிலேர்ந்து அவ அப்பாவோட பேசலை. எனக்குப் போன் பண்ணுவா. இவர் எடுத்துட்டா, அம்மா இருக்காங்களான்னு கேட்பா, ஏதோ கம்பெனியிலேர்ந்து பேசுற மாதிரி. இவரும் இருக்காங்கன்னு சொல்லிட்டு போனை என்கிட்டே நீட்டுவார். நீட்டிட்டு அங்கேயே நிப்பார், நான் பேசி முடிக்கிற வரைக்கும்.

நான் சும்மா விடலை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். “பிள்ளையைப் புதைச்சுட்டு வந்தவ கேட்கிறா, உங்களுக்குச் சொல்லுக்கு அர்த்தம் பார்க்கிற நேரமா அது? அவ என்ன உங்க வகுப்புல பரீட்சை எழுத வந்தவளா?”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்றேன்.”

“என்னைத்தானே கேட்டா. வேற யாரையும் கேட்கலையே. நான் எப்படிப் பதில் சொல்லாம இருப்பேன்?”

அதுக்கு மேல பேசினா பாத்திரம் பறக்கும்னு நான் வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டு வெளியே போயிட்டேன். அன்னிக்கு என்கிட்டே ஓட்டக் கத்துக்க வந்த பொண்ணு பாவம், ஒண்ணும் செய்யாமலே திட்டு வாங்கினா.

இவர் கல்லூரிக்குப் போவார், வருவார், அறைக்குள்ளே போயிடுவார். மேஜை மேல, கட்டில் மேல, ஜன்னல் விளிம்புல, எங்கே பார்த்தாலும் புத்தகம் திறந்து கவுத்திருக்கும். சாப்பிடக் கூப்பிட்டா வந்து உட்காருவார், என்ன சாப்பிட்டார்னு கேட்டா அவருக்கே தெரியாது. சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஒரு நாள் சாயங்காலம் காபியை எடுத்துக்கிட்டு உள்ளே போய் நேரா கேட்டுட்டேன்.

“என்னத்தைத்தான் தேடுறீங்க?”

“அவளுக்குச் சொல்றதுக்கு ஒண்ணு.”

“கிடைச்சுதா?”

“இல்லை. பிறக்கிறதுக்கு முன்னாடியே போயிட்ட பிள்ளைங்க எங்கே இருக்காங்கன்னு நேரா ஒரு வரி இல்லை. எல்லா இடத்தையும் பார்த்துட்டேன்.”

“இல்லைன்னா என்ன, இருக்குன்னு சொல்லுங்க. அவ என்ன வந்து சரிபார்க்கவா போறா?” எனக்கு அப்படித்தான் கேட்கத் தோணுச்சு, கேட்டேன்.

இவர் என்னைப் பார்த்தார். “அது என்னால முடிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருக்க மாட்டேனா? என் பிள்ளைம்மா அவ.” கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், திரும்பப் போட்டார், மறுபடியும் கழட்டினார். எனக்கு அத்தனை நாள் கோபமும் எங்கே போச்சுன்னு தெரியலை. பக்கத்துல உட்கார்ந்து, காபி ஆறுறதுக்குள்ளே குடிங்கன்னு மட்டும் சொன்னேன். குடிச்சார். சர்க்கரை போட மறந்திருந்தேன், அதைக்கூடச் சொல்லாமக் குடிச்சார்.

குட்டிம்மா வேலைக்குத் திரும்பிப் போகிற நாள் வந்துச்சு. அதுக்கு முந்தின நாள் போன் பண்ணி, “அம்மா, தனியா வண்டி எடுக்க முடியலை. நாளைக்குக் காலையில பக்கத்துல வந்து உட்காரு”ன்னா. போனேன். அவ ஓட்டினா. அவ கியர் மாத்துறப்ப மட்டும் நான் ‘ம்’ சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற திருப்பம் வந்ததும் திரும்பாம நேரா போனா. கடைகளெல்லாம் முடிஞ்சு மரம் வர்ற இடத்துல ஓரமா நிறுத்தினா. நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரல் பண்ணி, எல்லாம் ஒழுங்கா செஞ்சா. என் பொண்ணாச்சே.

“அப்பா எப்படி இருக்கார்?”

“இளைச்சுட்டார். நீ பேசலைன்னு.”

ரோட்டைப் பார்த்துக்கிட்டே பேசினா. “போதகர் நல்லவர்மா. யார் செத்தாலும் சொர்க்கத்துக்கு அனுப்பிடுவார். குடிச்சுக் குடிச்சுப் பொண்டாட்டியை அடிச்சவனையும் அனுப்பினாரே, நானே கேட்டேன். அப்பா அப்படிச் சொல்ல மாட்டார். அதனாலதான் அப்பாவைக் கேட்டேன். அப்பா ஆமான்னா அது ஆமாதான்.”

“அவரைப் போய் மாத்திச் சொல்லச் சொல்லவா?”

“மாத்திச் சொன்னா நான் நம்ப மாட்டேன். மாத்திச் சொல்லலைன்னா தாங்க மாட்டேன். எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலைம்மா.” ஸ்டியரிங்ல நெத்தியை வச்சுக்கிட்டா. “எல்லாரும் அடுத்தது அடுத்ததுங்கிறாங்க. அடுத்ததுன்னா இது என்ன? ஆஸ்பத்திரிப் பேப்பர்ல கருன்னு போட்டிருக்கு. நான் வலிச்சுப் பெத்தேன்மா. கையில வச்சிருந்தேன். அதுக்குக் குழந்தைன்னு ஒரு வார்த்தை கிடையாதா?”

முதுகைத் தடவிக்கொடுத்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

வீட்டுக்கு வந்து இவர்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணும் விடாம. மாத்திச் சொன்னா நம்ப மாட்டாங்கிறதையும் சொன்னேன். இவர் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டிருந்தவர், கடைசியில சொன்னதுக்கு மட்டும் நிமிர்ந்தார்.

“கருன்னா போட்டிருக்கு?”

“ஆமா. ஆஸ்பத்திரிக் கணக்குல அப்படித்தானாம்.”

“என்னைக் கேட்டது இதுவா?” தனக்குத்தானே பேசிக்கிறார். “நான் வேற எதையோ தேடிக்கிட்டிருந்தேனே.” எந்திரிச்சுப் போய், கவுத்து வச்சிருந்த புத்தகத்துல ஒண்ணை எடுத்துப் புரட்டினார். நின்னுக்கிட்டே படிச்சார். அப்புறம் திரும்பி, “நாளைக்குச் சாயங்காலம் அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?”ன்னு கேட்டார். என்கிட்டே இவர் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

மறுநாள் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு உதட்டை அசைச்சுக்கிட்டே வந்தார். எனக்குப் பயம் வந்துடுச்சு.

“இதோ பாருங்க, அங்கே போய்ப் பாடம் நடத்தினீங்க, திரும்பி வர்றப்ப நடு ரோட்டுல இறக்கிவிட்டுடுவேன்.”

“சரி”ன்னார்.

“கண்ணாடியைக் கழட்டக்கூடாது.”

“சரி.”

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் குடியிருக்கிற கட்டடத்துல லிஃப்ட் வேலை செய்யாது. எப்பவுமே செய்யாது. மூச்சு வாங்க மாடி ஏறினோம். மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போகிற நீலச் சட்டையோடவே இருந்தார், இப்பத்தான் வந்திருப்பார் போல. இவரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் என்ன செய்றதுன்னு தெரியாம நின்னார். அப்புறம், “வாங்க மாமா, வாங்க அத்தை”ன்னு சொல்லிட்டு, டீ போடுறேன்னு அடுப்புப் பக்கம் போயிட்டார்.

குட்டிம்மா உள்ளேயிருந்து வந்தா. கையில காயப்போட்டு எடுத்த துணி. எங்களைப் பார்த்தும் உட்காரச் சொல்லலை. துணியை மேஜை மேல போட்டு ஒண்ணொண்ணா மடிக்க ஆரம்பிச்சா. இவர் நின்னுக்கிட்டே பேசினார்.

“குட்டிம்மா. நீ அன்னிக்குக் கேட்டது ஒண்ணு, நான் பதில் சொன்னது ஒண்ணு. மன்னிச்சுக்கோம்மா.”

மடிக்கிற கை நின்னுச்சு. “அன்னிக்கு நீங்க சொன்னது தப்புங்கிறீங்களா?”

ஆமான்னா நம்ப மாட்டா, இல்லைன்னா தாங்க மாட்டா. இந்த மனுஷன் என்ன சொல்லித் தொலைக்கப்போறாரோன்னு மேஜை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டேன்.

“சொன்னதுல தப்பில்லை. அன்னிக்கு அதைச் சொன்னதுதான் தப்பு.”

அவ அடுத்த துணியைக் கையில எடுத்தா. உள்ளே போகலை.

“பிள்ளை எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. நல்லாத் தேடினேன். எனக்குத் தெரியலை. நல்ல கையிலதான் இருக்கும்னு நம்புறேன். அது என் நம்பிக்கை, மொழியில கிடைச்ச பதில் இல்லை. ஆனா அம்மாகிட்டே ஒண்ணு கேட்டியாமே. அதுக்கு எனக்குப் பதில் தெரியும்.” புத்தகத்தைத் திறக்கலை, கையில மட்டும் வச்சிருந்தார். “நற்செய்தி எழுதினவங்கள்ல ஒருத்தர் வைத்தியர்னு சொல்வாங்க. வயசான காலத்துல ஒரு அம்மா உண்டாகி, வயித்துல பிள்ளை துள்ளுச்சுன்னு எழுதுறார். அந்தப் பிள்ளைக்கு அவர் போடுற சொல் ப்ரெபோஸ். அப்புறம், ஆண்டவர் பிறந்தப்ப துணியில சுத்தி மாட்டுத்தொட்டியில படுக்க வச்சாங்களே, அந்தக் குழந்தைக்கும் அதே சொல்தான். அப்புறம், ஜனங்க தூக்கிக்கிட்டு வந்து, தொடுங்கன்னு ஆண்டவர்கிட்டே நீட்டின பிள்ளைங்களுக்கும் அதேதான். வயித்துல இருக்கிறப்ப ஒரு சொல், வெளியே வந்தப்புறம் ஒரு சொல்லுன்னு அவர் பிரிக்கலை. மூணு இடத்துலேயும் குழந்தைதான்.”

அவ அவரையே பார்த்துக்கிட்டிருந்தா.

“இதை வச்சு சொர்க்கத்தைப் பத்தி எதையும் நிரூபிக்க முடியாது. அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான் பேசினாங்க, அவர் ஒண்ணும் புதுசா…”

நான் இருமினேன். இந்த இடத்துலேயும் அடிக்குறிப்பு போடாம இருக்க முடியலை பாருங்க இந்த மனுஷனுக்கு. இவர் அதோட நிறுத்திக்கிட்டார்.

“குழந்தைதான்மா. நீ பெத்தது குழந்தைதான். இதை நான் யார் முன்னாடியும் சொல்லுவேன். இதுக்கு எந்தச் சொல்லையும் பிழிய வேண்டியதே இல்லை.”

குட்டிம்மா கையிலிருந்த துணியை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டா. அது மாப்பிள்ளையோட பனியன். சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். ஆனா அவ இவரோட பொண்ணு இல்லையா, லேசுல விடுவாளா.

“அது அந்த வைத்தியர் எழுதினது. அவர் என் பிள்ளையைப் பார்த்தாராப்பா?”

இவர் நாற்காலியை இழுத்துப்போட்டு மெதுவா உட்கார்ந்தார்.

“அவர் யாரையுமே பார்க்கலைம்மா. எழுத ஆரம்பிக்கிறப்பவே ஒத்துக்கிறார். நான் கூட இருக்கலை, ஆரம்பத்துலேர்ந்து கண்ணால பார்த்தவங்க சொன்னதைக் கேட்டுத்தான் எழுதுறேங்கிறார். வயித்துல துள்ளினது வெளியே இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு அம்மா சொல்லியிருக்கணும். அவ சொன்னதைச் சந்தேகப்படாம ஒருத்தர் எழுதியிருக்கார்.” புத்தகத்தை மேஜை மேல, துணிங்க பக்கத்துல வச்சார். “நானும் பார்க்கலை. நர்ஸ் கேட்டாங்க, நான் உள்ளே வரலை. அந்த அறையில இருந்தது நீங்க ரெண்டு பேரும்தான். நீ கண்ணால பார்த்தவ. நீ சொல்லு, நான் கேட்கிறேன். எப்படி இருந்தா?”

யாருமே அவளை அதைக் கேட்டதில்லை. மறந்துடு, நினைக்காதேன்னுதான் சொன்னோமே ஒழிய, எப்படி இருந்தான்னு ஒருத்தரும் கேட்கலை. குட்டிம்மா எதிர் நாற்காலியில உட்கார்ந்தா.

“சின்னதா இருந்தாப்பா.”

“ம்.”

“நகம் இருந்துச்சு. அவ்வளவு சின்ன விரல்ல, அழகா, முழுசா நகம்.”

“முடி?”

“இருந்துச்சு. கறுப்பா, ஈரமா நெத்தியில ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான் விரலால ஒதுக்கிவிட்டேன்.”

இவர் அவசரப்படலை. ஒண்ணு கேட்பார், அவ சொல்லி முடிச்சு மூச்சு விடுற வரைக்கும் காத்திருப்பார், அப்புறம் அடுத்ததைக் கேட்பார். காது எப்படி இருந்துச்சு, கால் எப்படி இருந்துச்சு, கண்ணு மூடியிருந்துச்சான்னு. அவரோட வேலையே அதுதானே, ஒவ்வொரு சொல்லா மெதுவா கேட்கிறது. நான் இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த அந்தப் பொறுமையை அன்னிக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“கண்ணு மூடியிருந்துச்சு. தூங்குற மாதிரி. புருவம் லேசா, பென்சில்ல கோடு போட்ட மாதிரி. என் விரலைப் பிடிக்க வச்சேன்பா. பிடிக்கலை. ஆனா அவ விரலை எடுத்து என் விரலைச் சுத்தி வச்சேன், வச்சது அப்படியே இருந்துச்சு. ரொம்ப நேரம் அப்படியே இருந்துச்சு.”

இவர் அழுதார். சத்தமில்லாம, கண்ணாடியைக் கழட்டாமலே. கண்ணாடிக்குக் கீழே வழிஞ்சு தாடையில சொட்டுச்சு. துடைக்கவும் இல்லை, அவ முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

“மூக்கு?”ன்னு கேட்டார்.

“உங்க மூக்குப்பா. நீளமா, நேரா. பார்த்ததுமே நினைச்சேன், நம்ம வீட்டு மூக்குன்னு.”

“இல்லை மாமா.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மாப்பிள்ளை டீ வடிகட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு அடுப்புக்கிட்ட நிக்கிறார். கண்ணெல்லாம் சிவந்திருக்கு. பிள்ளை போனதுலேர்ந்து அந்தப் பிள்ளையைப் பத்தி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

“எங்க அம்மா மூக்கு அது”ன்னார்.

“உங்க அம்மாவுக்குச் சப்பை மூக்கு”ன்னா குட்டிம்மா.

“சப்பைதான். பிள்ளைக்கும் சப்பைதான்.”

“நான் கையில வச்சுப் பார்த்தேன். நேரா இருந்துச்சு.”

“நானும்தான் வச்சிருந்தேன். நீ முகத்தோட முகம் வச்சுக்கிட்டிருந்தே, உனக்குச் சரியாத் தெரியலை. நான் ஜன்னல் பக்கம் எடுத்துட்டுப் போய் வெளிச்சத்துல பார்த்தேன். சப்பை. நுனி மட்டும் கொஞ்சம் தூக்கியிருந்துச்சு.”

“தூக்கியிருந்துச்சா?” குட்டிம்மாவுக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு. “ஆமா, நுனி தூக்கியிருந்துச்சு. அதுக்காகச் சப்பைன்னு சொல்லிடுவீங்களா?”

அவ இவர் பக்கம் திரும்பினா, நியாயம் கேட்கிற மாதிரி. இவர் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார்.

“பார்த்தவங்க ரெண்டு பேர், சொல்றது ரெண்டு விதம். நற்செய்தியே நாலு பேர் நாலு விதமா எழுதினதுதானே. ரெண்டையும் வச்சுக்க வேண்டியதுதான்”ன்னார்.

குட்டிம்மா சிரிச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ அப்படியே உடைஞ்சு, மேஜை மேல குனிஞ்சு, அப்பா கையைப் பிடிச்சு அதுல முகத்தை வச்சு அழுதா. கல்லறையில அழாத அழுகையெல்லாம் அன்னிக்கு அழுதா. மாப்பிள்ளை வடிகட்டியை வச்சுட்டு ஓடி வந்து அவ தோளைப் பிடிச்சுக்கிட்டார். இவர் இன்னொரு கையால அவ தலையைத் தடவிக்கிட்டே இருந்தார். எந்த மொழியிலேயும் ஒண்ணும் சொல்லலை.

குழந்தை பிறந்த வீடுன்னா, மூக்கு யாரோடதுன்னு ரெண்டு குடும்பமும் அடிச்சுக்கணும். எங்க வீட்டுல அந்தச் சண்டை அன்னிக்குத்தான் வந்துச்சு. சண்டைன்னு வந்தப்புறம் நான் எப்படிச் சும்மா இருக்கிறது? கண்ணைத் துடைச்சுக்கிட்டு மூணு பேரையும் ஒரு முறை முறைச்சேன்.

“நுனி தூக்கின மூக்கு இந்த ரெண்டு குடும்பத்துலேயும் எனக்கு மட்டும்தான் இருக்கு. நல்லாப் பார்த்துக்கோங்க”ன்னு விளக்குப் பக்கம் திரும்பி முகத்தைக் காட்டினேன்.